மலைக்கு மட்டுமா, தண்ணீருக்கும் ஈர்ப்பு உண்டு! - விண்ணிலிருந்து நிலத்தடி நீரை எடைபோட்ட 'கிரேஸ்'

"இந்த மலை நம்மளை இழுக்கும்!" - திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பக்தியைத் தாண்டி, இயற்பியல்படியும் அது உண்மைதான். நிறை உள்ள எல்லாவற்றுக்கும் ஈர்ப்பு விசை உண்டு. மலைக்கு மட்டுமல்ல, நிலத்தடி நீருக்கும்தான்!

அந்த ஈர்ப்பை வைத்தே நிலத்தடி நீரை எடைபோட்டவை, 'கிரேஸ்' இரட்டைச் செயற்கைக்கோள்கள். நாசாவும் ஜெர்மனியும் 2002 மார்ச்சில் அனுப்பியவை. சுமார் 220 கி.மீ இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. நிறை அதிகமுள்ள பகுதியை நெருங்கும்போது, முன்னால் செல்வது முதலில் இழுக்கப்படும், இடைவெளி கூடும். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய மாற்றத்தையும் அவை அளந்தன.

மாதாமாதம் இந்த அளவுகளை ஒப்பிட்டபோது ஓர் அதிர்ச்சி. 2002 முதல் 2008 வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் 109 கன கி.மீ நிலத்தடி நீர் காணாமல்போயிருந்தது. மேட்டூர் அணையைச் சுமார் 40 முறை நிரப்பும் அளவு! அந்த ஆண்டுகளில் மழை பெரிதாகப் பொய்க்கவில்லை. பாசனத்துக்காக அளவுக்கு மீறி உறிஞ்சியதே முக்கியக் காரணம் என்றது, 2009-ல் வெளியான ஆய்வு.

2018 முதல் 'கிரேஸ்-எஃப்ஓ' இந்தப் பணியைத் தொடர்கிறது. ஆனால், பல நூறு கி.மீ பரப்பைத்தான் அதனால் கணிக்க முடியும். செங்கம் சாலையில் உள்ள உங்கள் வீட்டுக் கிணறு அதன் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கணக்கை நாம்தான் வைக்க வேண்டும்.

பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் ஊர் இது. அன்றைக்கே கிணற்றில் கயிறு விட்டு, நீர்மட்டத்தையும் குறித்து வைக்கலாமே!