அம்புக்குறிக்குள் நடப்பது என்ன?

வேதிச் சமன்பாடு எழுதும்போது இடப்புறம் வினைபடு பொருள்களையும் வலப்புறம் விளைபொருள்களையும் எழுதி, நடுவே ஓர் அம்புக்குறி இடுகிறோம். அந்த அம்புக்குறிக்குள் நடப்பது என்ன? அணுக்களின் பிணைப்பு எந்தக் கணத்தில் அறுகிறது?

நெடுங்காலம் இதற்கு நேரடி விடை கிடைக்கவில்லை. ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடி கூறுகளாகப் பிரித்தால் அவற்றுள் ஒரு கூறுதான் ஃபெம்டோ வினாடி. பிணைப்பு அறுவது இத்தகைய சில நூறு கூறுகளுக்குள் முடிந்துவிடும். எந்தக் காமிராவின் மூடியும் இவ்வளவு விரைவாகத் திறந்து மூடாது.

எகிப்தில் பிறந்த அகமது செவைல், அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1987-இல் இதற்கு வழி கண்டார். அவர் குழுவினர் எடுத்துக்கொண்ட பொருள் அயோடின் சயனைடு ஆவி. இதன் மூலக்கூறில் அயோடின், கார்பன், நைட்ரஜன் என மூன்றே அணுக்கள். முதலில் மிகக் குறுகிய லேசர் துடிப்பு ஒன்று ஆவியைத் தாக்கும். அதை ஏற்ற மூலக்கூறுகளுக்கெல்லாம் வினை அப்போதே தொடங்கும். அயோடின் விலகத் தொடங்கும். சற்றுப் பின்னர் வரும் இரண்டாம் துடிப்பு, விடுபட்ட கார்பன்-நைட்ரஜன் துண்டை மட்டும் ஒளிரச் செய்யும். ஒளிர்வு மிகுந்தால் விடுபட்டவை மிகுதி என்று பொருள்.

இரு துடிப்புகளுக்கும் இடையே உள்ள நேரத்தை எப்படி அளப்பது? இங்குதான் ஓர் எளிய உத்தி உதவுகிறது. ஒரே நேரத்தில் புறப்பட்ட இருவரில் சுற்றுவழியில் வருபவர் தாமதமாகத்தானே வந்து சேருவார்? அதுபோல இரண்டாம் துடிப்பைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியை 0.03 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினால், போக வர ஒளியின் பாதை 0.06 மில்லிமீட்டர் கூடும். அதைக் கடக்க ஒளிக்கு 200 ஃபெம்டோ வினாடி ஆகும். கண்ணாடியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் சோதனையைப் பலமுறை செய்து ஒளிர்வை அளந்தார்கள். அளவுகளை வரிசைப்படுத்தியபோது வினையின் போக்கு தெரிந்தது. பிணைப்பு அறுவதற்கு ஆன நேரம் சுமார் 200 ஃபெம்டோ வினாடி! இது தனியொரு மூலக்கூறின் புகைப்படம் அன்று. கோடிக்கணக்கான மூலக்கூறுகளிலிருந்து தொகுத்த வரைபடம்.

ஃபெம்டோ வேதியியல் எனும் இத்துறைக்காக 1999-இல் செவைலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வேகம் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று. விழித்திரையில் ஒளி பட்டதும் ரெட்டினால் என்னும் மூலக்கூறு வடிவம் மாறுகிறது. பார்வையின் முதற்படியான இம்மாற்றமும் சுமார் 200 ஃபெம்டோ வினாடியில் முடிவதாக 1991-இல் இதே முறையில் அளந்தறிந்தனர். இவ்வரியைப் படிக்கும் இந்நேரத்திலும் உங்கள் கண்ணுக்குள் அது நடந்துகொண்டிருக்கிறது!