காலத்தைச் சுட்டும் எண்கள்: மொரீசியஸ் தீவின் புயல் எச்சரிக்கை முறை – ஒரு விளக்கம்

1. முன்னுரை

இந்தியப் பெருங்கடலின் தென்மேற்குப் பகுதியில், தென் அகலக்கோடு 20 பாகையை ஒட்டி அமைந்த மொரீசியஸ் தீவில் பிரெஞ்சு ஆட்சிக் காலம் தொட்டே தமிழர் வாழ்ந்து வருகின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பகுதியிலிருந்து சென்ற கைவினைஞர்களும், 1834க்குப் பின்னர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றோரும் அங்கே வேறொரு பருவ ஒழுங்கை எதிர்கொண்டனர். தமிழகக் கடற்கரைக்கு ஐப்பசியும் கார்த்திகையும் புயல் மாதங்கள். மொரீசியஸிலோ நவம்பரில் தொடங்கும் புயற்பருவம் சனவரி, பிப்ரவரி மாதங்களில் உச்சம் பெறுகிறது. தைப்பூசக் காவடி எடுக்கப்படும் நாள்களும் அப்பருவத்தின் நடுவிலேயே வருகின்றன.

இத்தீவில் புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரையிலான எண்களால் அறிவிக்கப்படுகிறது. வானொலி “மூன்றாம் நிலை” என்று கூறும்போது அந்த மூன்று எதனை அளக்கிறது? புயலின் வலிமையையா, அதன் தொலைவையா, எஞ்சியிருக்கும் நேரத்தையா? பார்வைக்கு எளிய இவ்வினாவுக்குத் தவறான விடையைக் கருத்திற்கொண்டவர் உயிரிழக்க நேரலாம். அவ்வெண்களின் பொருளையும், அவற்றுக்குப் பின்னுள்ள வானிலை அறிவியலையும், அவ்வெண்களுக்குள் அடங்காத இடரையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வலஞ்சுழியும் இடஞ்சுழியும்

வெப்பமண்டலப் புயலுக்கு வெதுவெதுப்பான கடல் அடிப்படைத் தேவை. கடலின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 26 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும்போது நீராவி மிகுதியாக எழுகிறது. அந்நீராவி உயரே சென்று முகிலாகக் குளிரும்போது, கடலிலிருந்து கவர்ந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் காற்று மேலும் சூடேறி உயர, அடியில் அழுத்தம் குறைகிறது. சுற்றிலுமுள்ள காற்று அவ்விடத்தை நோக்கி விரைகிறது.

புவி தன்னைத்தானே சுற்றுவதால், விரையும் காற்று நேராக மையத்தை அடையாமல் ஒருபுறம் விலகுகிறது. வடகோளத்தில் வலப்புறமும் தென்கோளத்தில் இடப்புறமும் விலகும். இதன் விளைவாக வங்கக் கடலின் புயல்கள் இடஞ்சுழியாகவும், மொரீசியஸைத் தாக்கும் புயல்கள் வலஞ்சுழியாகவும் சுழல்கின்றன. இவ்விரு சொற்களும் தமிழில் முன்பே நிலைபெற்றவை; கடிகார முள்ளைத் துணைக்கு அழைக்காமலே இந்த வேறுபாட்டைச் சுருங்கச் சொல்ல அவை உதவுகின்றன.

இவ்வேறுபாடு நடைமுறையில் முதன்மையானது. காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நிற்பவருக்கு, வடகோளத்தில் புயலின் மையம் இடப்பக்கமாகவும் தென்கோளத்தில் வலப்பக்கமாகவும் இருக்கும். நாகப்பட்டினத்துக் கடலோடி தம் பட்டறிவால் கொண்ட கணிப்பை மொரீசியஸ் கடலில் அப்படியே பின்பற்றினால், புயலிலிருந்து விலகுவதாக எண்ணி அதன் மையத்தை நோக்கியே செல்வார்.

காற்றின் இச்சுழற்சியை 1845 பிப்ரவரியில் ஒரு பாய்க்கப்பல் மிகத் தெளிவாகக் காட்டியது. மொரீசியஸிலிருந்து புறப்பட்ட ‘சார்ல்ஸ் ஹெடில்’ புயலில் சிக்கி, காற்றின் போக்கிலேயே ஏறத்தாழ ஐந்து நாள்கள் ஓடியது. அதன் நாட்குறிப்பை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன், அக்கப்பல் புயலின் மையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி வந்திருப்பதைக் கண்டார். கல்கத்தாவில் பணியாற்றிய அவரே, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்னும் பெயரை உருவாக்கியவர். இன்று உலகெங்கும் வழங்கும் அப்பெயரின் தோற்றத்தில் மொரீசியஸ் கடலுக்கும் பங்குண்டு.

3. மெல்ட்ரமின் ஆய்வும் 1892ஆம் ஆண்டுப் புயலும்

சூயசுக் கால்வாய் 1869இல் திறக்கப்படும் வரை, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே சென்ற கப்பல்கள் பலவற்றுக்குப் போர்ட் லூயிஸ் துறைமுகம் தங்குமிடமாக இருந்தது. 1848இல் ஆசிரியராக அங்கு வந்த ஸ்காட்லாந்தியரான சார்ல்ஸ் மெல்ட்ரம், அக்கப்பல்களின் நாட்குறிப்புகளே கடல் முழுதும் பரந்த ஒரு வானிலை நிலையத்துக்கு ஒப்பானவை என்பதை உணர்ந்தார். 1851இல் மொரீசியஸ் வானிலைக் கழகம் தோன்றுவதற்கு அவர் துணைநின்றார். பாம்பிளமூஸில் எழுந்த ராயல் ஆல்பிரட் வானாய்வகம் அவர் தலைமையிலேயே இயங்கியது.

புயற்காற்று மையத்தை முழுவட்டமாகச் சுற்றுகிறது என்பதே அக்காலக் கடலோடிகள் பலரின் கருத்து. மெல்ட்ரம் நாட்குறிப்புகளை ஒப்பிட்டு, காற்று உட்புறம் சாய்ந்து சுருள்வட்டமாகவே வீசுகிறது என்று நிறுவினார். காற்றின் திசையைக் கொண்டு மையத்தைக் குறிக்கும்போது இச்சாய்வைக் கணக்கிற்கொள்ளாத மாலுமி, புயலின் வழிக்கே கப்பலைச் செலுத்த நேரும். ஆகவே அவருடைய திருத்தம் பல கப்பல்களின் பாதுகாப்பைத் தொட்டது.

ஆயினும் 1892 ஏப்ரல் 29 அன்று தாக்கிய புயல், சேர்த்துவைத்த அறிவின் எல்லையை உணர்த்தியது. அத்தனை பிந்திய நாளில் கடும்புயல் வருவது தீவின் பதிவுகளுக்குப் புதிது. வழக்கமாகக் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் புயல்களைப் போலன்றி, அது வடமேற்கிலிருந்து வந்தது. முதலில் வடகிழக்குக் காற்று வலுத்தது. பிற்பகலில் புயலின் கண் தீவைக் கடந்தபோது காற்று ஓய்ந்தது. பின்னர் நேர் எதிர்ப்புறத்திலிருந்து முன்னினும் கடுமையாகத் திரும்ப வீசியது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். போர்ட் லூயிஸ் நகரின் பெரும்பகுதி இடிந்தது.

பழைய பதிவுகளின் வழிவந்த விதி, அப்பதிவுகளில் இல்லாத ஒன்று நிகழும்போது உதவாது. தீவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை உடனுக்குடன் அறியும் வழி வேண்டும். 1892இல் அவ்வழி இல்லை.

4. செய்தி புயலை முந்துதல்

1893இல் செய்செல்ஸ் வழியாகக் கடலடித் தந்தி மொரீசியஸை அடைந்தது. 1901இல் ரொட்ரீக்ஸ் தீவோடும் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. மொரீசியஸுக்குக் கிழக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அத்தீவு, பெரும்பாலான புயல்கள் வரும் திசையில் அமைந்த இயற்கையான காவல் மேடை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புயல் அங்கிருந்து மொரீசியஸை அடைய ஒன்றரை நாள் ஆகும். தந்திச் செய்திக்கோ சில நிமிடங்கள் போதும். எச்சரிக்கை என்பதன் சாரமே இந்தக் கால இடைவெளிதான்.

1960 பிப்ரவரி இறுதியில் ‘கரோல்’ புயல் தாக்கியது. மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பல்லாயிரம் வீடுகள் அழிந்தன. அதன்பின் மரத்தாலும் ஓலையாலும் அமைந்த வீடுகள் குறைந்து, கற்காரை வீடுகள் பெருகின. அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று, உலகின் முதல் வெற்றிகரமான வானிலைச் செயற்கைக்கோளான ‘டைரோஸ்-1’ விண்ணில் ஏவப்பட்டது. விண்ணிலிருந்து கண்காணிக்கும் காலம், கரோலுக்குப் பின் ஐந்தே வாரங்களில் தொடங்கியது எனலாம்.

இன்று செயற்கைக்கோள், ராடார், கணினி மாதிரிகள் ஆகியவற்றின் துணையால் புயலின் தடத்தைப் பல நாள்கள் முன்னரே மதிப்பிட முடிகிறது. ஆயினும் ஒரு நாள் முன்கூட்டிய கணிப்பிலும் மையத்தின் இடம் பல பத்துக் கிலோமீட்டர்கள் பிசகக்கூடும். மொரீசியஸின் நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அகலம் 45 கிலோமீட்டர். கணிப்பின் பிழையும் தீவின் அளவும் ஏறக்குறைய ஒன்றாகும்போது, புயல் தீவின் மேல் கடக்குமா, அருகே விலகிச் செல்லுமா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. எச்சரிக்கை விடுப்போர் இந்த ஐயத்தோடுதான் முடிவெடுக்கின்றனர்.

5. எண்கள் சுட்டும் பொருள்

மொரீசியஸின் நான்கு நிலைகளும் ஒரே அளவுகோலைச் சார்ந்தவை. இடையிடையே ஓங்கி வீசும் காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை எப்போது எட்டும் என்பதே அது. மரபான வரையறை பின்வருமாறு:

முதல் நிலை: அத்தகைய காற்று தீவைத் தாக்கக்கூடும் என்று கருதப்படும் நேரத்திற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு அறிவிக்கப்படுவது.

இரண்டாம் நிலை: அக்காற்று வருமுன், இயன்றவரை 12 மணி நேரப் பகல்வெளிச்சம் கிடைக்குமாறு அறிவிக்கப்படுவது.

மூன்றாம் நிலை: அதேபோல் 6 மணி நேரப் பகல்வெளிச்சம் கிடைக்குமாறு அறிவிக்கப்படுவது.

நான்காம் நிலை: 120 கிலோமீட்டர் வேகம் பதிவாகி, அது தொடரும் என்று எதிர்பார்க்கப்படும்போது அறிவிக்கப்படுவது.

இவற்றுள் ‘பகல்வெளிச்சம்’ என்னும் சொல்லை ஊன்றி நோக்க வேண்டும். கூரையைக் கட்டுவதும், சன்னல்களை அடைப்பதும், முதியோரை அழைத்துக்கொண்டு புகலிடம் செல்வதும் வெளிச்சத்தில் செய்யத்தக்க பணிகள். கடுங்காற்று விடியற்காலை ஐந்து மணிக்கு எதிர்பார்க்கப்பட்டால், மூன்றாம் நிலையை முந்திய நாள் நண்பகலை ஒட்டியே அறிவிக்க வேண்டும். அப்போது எஞ்சியுள்ள நேரம் பதினாறு மணி அளவாகும். அதே காற்று மாலையில் எதிர்பார்க்கப்பட்டால், அதே மூன்றாம் நிலை ஆறு மணி நேரத்தையே குறிக்கக்கூடும். அறிவிப்புக்குப் பின் வெயில் அடிப்பதைக் கண்டு, எச்சரிக்கை பொய்த்தது என்று முடிவு செய்பவர் இவ்விதியை அறியாதவர்.

தமிழகத்தினர்க்கு இதில் மேலும் ஒரு மயக்கம் நேரலாம். இந்தியத் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண் பெற்றவை. அவ்வெண்கள் இடரின் தன்மையையும், புயல் துறைமுகத்தின் எப்பக்கமாகக் கடக்கும் என்பதையும் கப்பல்களுக்கு உணர்த்துவன. பதினோராம் எண், எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்ததைக் காட்டுவது. அமெரிக்காவில் வழங்கும் ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்கள் காற்றின் வலிமையைக் குறிப்பன. ஆக, ‘மூன்று’ என்னும் ஓர் எண் மூன்று நாடுகளில் மூன்று பொருள் தருகிறது. மூன்று முறைகளையும் தமிழில் எழுதுவோர் ஒரே சொல்லால் குறிப்பின் குழப்பமே மிஞ்சும். துறைமுக முறைக்குக் ‘கூண்டு’ என்றும், வலிமை முறைக்குத் ‘தரம்’ என்றும், மொரீசியஸின் கால முறைக்கு ‘நிலை’ என்றும் வரையறுத்து வழங்குவது நன்று.

6. எண்ணுக்குள் அடங்காத மழை

மேற்கண்ட நான்கு நிலைகளும் காற்றை மட்டுமே அளக்கின்றன. ஆனால் புயல் தரும் மழை அதன் காற்றுக்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை. மெல்ல நகரும், வலிமை குறைந்த புயலும் மலைச்சரிவில் பெருமழையைக் கொட்டக்கூடும். அண்டைத் தீவான ரீயூனியனில், 1980 சனவரியில் ‘இயாசிந்த்’ என்னும் புயல் தீவைச் சுற்றிச் சுற்றி வந்தது. கொமெர்சன் எரிமலை வாய்ப்பகுதியில் 15 நாள்களில் 6,083 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அது உலகச் சாதனை. ஆனால் காற்றின் வலிமையில் அப்புயல் முதல் வரிசையில் வைக்கப்படுவதன்று.

மொரீசியஸும் இதனைத் துயரத்தோடு கற்றது. 2013 மார்ச் 30 அன்று எந்தப் புயலும் இன்றியே குறுகிய நேரத்தில் கொட்டிய மழையால் போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் மூழ்கி 11 பேர் இறந்தனர். 2024 சனவரி 15 அன்று ‘பெலால்’ புயலின் மையம் ரீயூனியனைத் தாக்கியபோது, மொரீசியஸின் தலைநகரில் பாய்ந்த வெள்ளம் ஊர்திகளை அடித்துச் சென்றது. அன்று பலர் வழக்கம்போல் பணிக்குச் சென்றிருந்தனர். எச்சரிக்கை முறை குறித்து நாடு முழுதும் கடும் விவாதம் எழுந்தது.

பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்படுவது எச்சரிக்கை எண்ணோடு பிணைக்கப்பட்ட நாட்டில், எண் தாழ்ந்திருப்பதை மக்கள் ‘இடரில்லை’ என்று பொருள்கொள்வது இயல்பு. அந்த எண்ணோ காற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மழையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சொல்லப்படாத ஒன்று ‘இல்லை’ என்று கேட்கப்படும்போதுதான் பேரிடர் நேர்கிறது.

7. முடிவுரை

மெல்ட்ரமின் காலத்தில் குறையாக இருந்தது செய்தி. இன்று செய்தி மிகுதியாக உள்ளது. அதனைச் சரியாகப் பொருள்கொள்வதே அரிதாக உள்ளது. எவ்வளவு நேரம் எஞ்சியுள்ளது, எவ்வளவு கடுமையான காற்று வரும், எவ்வளவு மழை பெய்யும், இக்கணிப்பு எந்த அளவுக்கு உறுதியானது என்பன நான்கு வேறு வினாக்கள். ஓர் எண்ணால் இவை நான்கிற்கும் விடை கூற இயலாது.

மொரீசியஸின் அலுவல்முறை வானிலை அறிக்கைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளிவருகின்றன. வீட்டுப் பேச்சு பெரும்பாலும் கிரியோலில் நிகழ்கிறது. அத்தீவில் தமிழ் வகுப்பறையிலும் கோயிலிலும் சிறப்பாக வாழும் மொழி. அவ்வகுப்பறையில் வானிலை பற்றிய பாடம் எழுதப்படும்போது, அது வங்கக் கடலின் இடஞ்சுழிப் புயலையும் கார்த்திகை மழையையும் மட்டும் சொல்லி நின்றுவிடலாகாது. மாணவர் தம் வீட்டுக் கூரைக்கு மேல் காணும் வலஞ்சுழிப் புயலையும், கண் கடக்கும்போது தோன்றும் பொய்யான அமைதியையும், எச்சரிக்கை எண் மழையை அளப்பதன்று என்பதையும் அது கற்பிக்க வேண்டும். புலம்பெயர்ந்த நிலத்தின் வானத்தை அந்நிலத்தின் இயல்புக்கேற்பத் தமிழில் எழுதுவது அங்குள்ள தமிழாசிரியர்களும் பாடநூல் எழுதுவோரும் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.