கற்றலும் வெளியேற்றமும்: சமகாலப் பிரெஞ்சுத் திரைப்படங்களில் வளரிளம் பருவம்

குழந்தைமையிலிருந்து முதிர்வை நோக்கிச் செல்லும் கதையைத் தமிழில் 'வயதுக்கு வருதல்' எனச் சுட்டவியலாது. அத்தொடர் பெண்ணின் பூப்பை மட்டுமே குறிக்கும். பிரெஞ்சு மொழியில் இவ்வகைக் கதையைச் சுட்டும் 'அப்ராந்திசாஜ்' என்னும் சொல், தொழில் பயிலுதலையும் குறிப்பதாகும். கற்பவர் முதிர்வர் என்னும் நம்பிக்கை அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. அந்நம்பிக்கையை இரு திரைப்படங்கள் எவ்வாறு ஐயுறுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அப்தெல்லத்தீப் கெஷீஷின் 'லெஸ்கீவ்' (2003) பாரிசின் புறநகரில், குடியேறிகளின் பிள்ளைகள் பலர் பயிலும் பள்ளியொன்றில் நிகழ்கிறது. மாணவர்கள் மாரிவோவின் 1730ஆம் ஆண்டு நாடகமொன்றை ஒத்திகை பார்க்கின்றனர். அதில் எசமானரும் பணியாளரும் உடை மாற்றிக்கொள்கின்றனர். எனினும் காதல் அவரவர் வகுப்புக்குள்ளேயே அமைகிறது. பிறந்த நிலையை எவரும் மறைத்துவிட இயலாது என்பதே நாடகத்தின் பொருள் என ஆசிரியை விளக்குகிறார். ஆனால் அவரே, லீதியாவின்மீது கொண்ட காதலால் அர்லக்கான் வேடத்தை விலைகொடுத்துப் பெற்ற கிரீமோவிடம், 'உன்னைவிட்டு வெளியே வா' என்னும் பொருள்படக் கடிந்துகொள்கிறார். பாடமும் கட்டளையும் ஒன்றையொன்று மறுப்பதை அவர் உணர்வதில்லை. லீதியாவோ தெருமொழியிலும் மாரிவோவின் மொழியிலும் ஒருங்கே சரளமாகப் பேசுகிறாள். ஆகவே புறநகர்ப் பிள்ளைகளுக்குச் செவ்வியல் மொழி கைவராது என்று படம் கூறுவதாகக் கொள்வது பிழை. கிரீமோவுக்குக் கைவராதது மொழியன்று, வேடமிடுதலே எனலாம். இறுதியில் நாடகத்தை அவன் வெளியே நின்று சன்னல் வழியே காண்கிறான். இப்படம் 2005இல் சிறந்த படத்துக்கான செசார் விருதைப் பெற்றது.

செலின் சியாமாவின் 'பாந்த் த ஃபீய்' (2014) படத்தில் பள்ளி ஒரு காட்சியோடு முடிந்துவிடுகிறது. மரியெம் மேல்நிலைக் கல்விக்குச் செல்ல விரும்புகிறாள். தொழிற்பயிற்சியே அவளுக்கு வழி என்கிறது ஒரு குரல். குரலுக்குரியவரின் முகம் காட்டப்படுவதில்லை. மேற்சொன்ன சொல்லின் இரு பொருளும் இங்கு மோதுகின்றன. கறுப்பினச் சிறுமியரை வெள்ளையின இயக்குநர் சித்திரித்தமை குறித்து எழுந்த கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் இக்காட்சியின் கூர்மையை அது குறைப்பதில்லை.

த்ரூஃபோவின் 1959ஆம் ஆண்டுப் படம் சீர்திருத்த இல்லத்திலிருந்து தப்பிய அந்துவானின் முகத்தைக் கடற்கரையில் உறைய வைத்து முடிந்தது. சியாமாவின் படத்தில் மரியெம் வீட்டு வாயிலில் அழுகிறாள், உள்ளே செல்வதில்லை. கேமரா அவளைக் கடந்து மங்கிய பின்புலத்தை நோக்கி நகர்கிறது. படம் முடிந்ததென நாம் எண்ணும் கணத்தில் அவள் மீண்டும் சட்டகத்துக்குள் வந்து, மறுபுறமாக வெளியேறுகிறாள்.