மண் உருண்டை விளையாட்டு

வங்கியில் 33 வருஷம் பயிர்க்கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். செம்மண், கரிசல் என்று எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன். எதையும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்று நிலத்துக்கு வந்த முதல் வருஷம், மழை விட்ட மூன்றாம் நாள் டிராக்டரை இறக்கினேன். மூணு நாள் காய்ந்தால் போதும் என்பது என் கணக்கு. மேல்மண் காய்ந்திருந்தது, அடியில் சேறு. பாளம் பாளமாகப் புரண்ட மண், வெயிலில் செங்கல் மாதிரி இறுகிப்போச்சு. விதைத்த கடலையில் பாதி முளைக்கவில்லை.

பக்கத்துக் காட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். "நாளை எண்ணினீங்க, சரி. மண்ணைத் தொட்டுப் பாத்தீங்களா சார்?" என்றார்.

அடுத்த மழைக்கு என்னை வரப்பில் உட்காரவைத்து மண் உருட்டச் சொன்னார். எனக்குக் கூச்சம். லீவுக்கு வந்திருந்த பேத்திக்கு அதெல்லாம் இல்லை. உருண்டை, பாம்பு, அகல்விளக்கு என்று செய்து தள்ளினாள். அவளோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டது இதுதான்.

உழவுப் பதம்: ஒரு சாண் ஆழத்து மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் ஈரம் போதாது. பிடித்த உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து போடும்போது உடைந்து பொலபொலவென உதிர்ந்தால் ஏர் பூட்டலாம். உடையாமல் அப்படியே கிடந்தாலோ, உள்ளங்கையில் ஒட்டினாலோ பொறுத்திருங்கள். பள்ளமான மூலையில் ஈரம் அதிக நாள் நிற்கும். அதனால் நாலைந்து இடத்தில் பாருங்கள். மணல்சாரி மண்ணில் உருண்டை சரியாக நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மண்ணின் தன்மை: மண்ணில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் களி குறைவு. 5 செ.மீ.க்கு மேல் நீண்டால் நல்ல களிமண். விரலில் நறநறத்தால் மணல். மாவு போல வழுக்கினால் வண்டல்.

வாசனை: முதல் மழையில் வருகிற மண்வாசனைக்குக் காரணம், மக்குகளைச் சிதைக்கும் ஆக்டினோமைசீட்ஸ் போன்ற நுண்ணுயிர்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் தேங்கி, மண்ணுக்குள் காற்று போகவில்லை என்று பொருள்.

அன்று பேத்தி உருட்டியதில் பாதி உடைந்தது. சிரித்துக்கொண்டே அடுத்ததை உருட்டினாள். நானோ ஒரு உருண்டை உடைந்ததும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். தப்பு வரக்கூடாது என்றே வாழ்ந்து பழகிய கை இது. ஆனால் வரப்பில் உருண்டை தப்பினால் நஷ்டம் ஒன்றுமில்லை. வயலில் உழவு தப்பினால் ஒரு போகமே போச்சு. இருபது உருண்டை தப்பவிட்ட பிறகுதான் என் கைக்குப் பதம் பிடிபட்டது.

சத்துக் கணக்குக்கு மண் பரிசோதனை அறிக்கை வேணும்தான். ஆனால் இன்று உழலாமா என்பதை அது சொல்லாது; உங்கள் கைதான் சொல்லும். அடுத்த மழை விட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டுக்குள் இறங்குங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போங்க. நம்மைவிட அவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.