செயலியை நீக்கினால் படமும் போய்விடுமா?

போனில் குவிந்து கிடக்கும் படங்களைத் தேதிவாரியாக, ஆள்வாரியாக அடுக்கித் தருகிறோம் என்று வந்த செயலிகளில் ‘எவர்’ ஒன்று. அமெரிக்காவின் எவர்ஆல்பம் நிறுவனத்துடையது. 2017 பிப்ரவரியில், முகத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். அந்த முகங்களைக் கொண்டே நிறுவனம் முகமறியும் மென்பொருளைப் பழக்கி, வெளியாருக்கு விற்க முனைந்தது படம் ஏற்றியவர்களுக்குத் தெரியாது. 2019 மே மாதம் என்பிசி நியூஸ் இதை வெளிக்கொண்டு வந்தது. கணக்கை மூடியவர்களின் படங்களைக்கூட, வாக்குக் கொடுத்தபடி அழிக்காமல் எவர்ஆல்பம் வைத்திருந்தது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. 2021-இல் ஆணையம் போட்ட உத்தரவைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன்: படங்களோடு, அவற்றிலிருந்து எடுத்த முக அளவுகளையும், அவற்றால் பழக்கிய மென்பொருளையும் அழிக்க வேண்டும்.

அன்இன்ஸ்டால் செய்தால் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். போனிலிருந்து செயலி போகும். அதன் சர்வரில் ஏறிய படம் அங்கேயே இருக்கும்.

கேலரியில் இருப்பது கல்யாணப் படங்கள் மட்டுமா? ஆதார், பான் அட்டை, பாஸ்புக்கின் முதல் பக்கம், பத்திர நகல், ஸ்கேன் ரிப்போர்ட், பாஸ்வேர்டு தெரியும் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அங்கேதான். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் அம்பலப்படுத்திய ‘ஸ்பார்க்கேட்’ என்ற தீநிரல், கேலரிப் படங்களில் உள்ள எழுத்துகளைப் படித்து, கிரிப்டோ கணக்குகளைத் திறக்கும் மீட்புச் சொற்களைத் தேடியது. ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டிலும் கிடைத்த செயலிகளுக்குள்ளேயே அது இருந்தது. படத்துக்குள், அதை எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் ஒளிந்திருக்கலாம். 2012-இல் தலைமறைவாக இருந்த, ஆன்டிவைரஸ் மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது, ஓர் ஊடகம் வெளியிட்ட படத்தில் இருந்த இந்தக் குறிப்பால்தான் வெளியே தெரிந்தது.

படங்களை அடுக்கும் செயலி முழு கேலரியையும் கேட்பதில் நியாயம் உண்டு. டார்ச் லைட்டும் வால்பேப்பரும் தரும் செயலிக்கு அது எதற்கு? ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 14 தொடங்கி, தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டும் வழி இருக்கிறது. செட்டிங்ஸில் பர்மிஷன் பகுதிக்குப் போய், ஏற்கெனவே கொடுத்ததையும் குறைக்கலாம். கடன் செயலி என்றால் பேச்சே இல்லை. போனில் உள்ள கோப்புகள், படங்கள், தொடர்பு எண்கள் எதையும் அது தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. கேட்டால் அதுவே புகாருக்குப் போதுமான காரணம்.

இன்னொன்று நம் கண்ணில் படுவதே இல்லை. செயலிகள் கைமாறுகின்றன. பலர் விரும்பிய ‘குவிக்பிக்’ 2015-இல் சீட்டா மொபைல் கைக்குப் போனது. ‘சிம்பிள் கேலரி’ 2023-இல் விற்கப்பட்டது. நாம் அனுமதி கொடுத்தது ஒருவருக்கு, அனுபவிப்பது இன்னொருவர். இணையம் இல்லாமல் போனுக்குள்ளேயே அடுக்கும் செயலி கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன்.

சட்டம் என்ன தருகிறது? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் தரவை அழிக்கச் சொல்லலாம். ஒப்புதலைக் கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் தேவை. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்த உரிமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை கைகொடுப்பவை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகள். அவற்றின்படி முக அளவு போன்ற உடல்சார் அடையாளங்கள் உணர்திறன் மிக்க தனிநபர் தகவல். ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அவருக்கு அனுப்பும் மின்னஞ்சலின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

விலகும்போது வரிசை மாறக்கூடாது. முதலில் படங்களை வேறிடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு செயலிக்குள் அவற்றை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும். அடுத்து கணக்கையே நீக்குங்கள். கணக்கு தொடங்க வைக்கும் செயலி, அதை நீக்கும் வசதியும் தர வேண்டும் என்பது கூகுள், ஆப்பிள் இரண்டின் விதி. அன்இன்ஸ்டால் கடைசியில்தான்.

அந்தரங்கப் படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள். உரையாடலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. சம்மதமின்றி அந்தரங்க உறுப்பைப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யலாம். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவசத் தளமும் உண்டு. அது படத்தை வாங்குவதில்லை. போனிலேயே படத்திலிருந்து ஓர் எண்கோவையை மட்டும் எடுத்து, அதனுடன் இணைந்துள்ள சமூக ஊடக நிறுவனங்களுக்குத் தருகிறது. அதே படத்தை யாராவது ஏற்றினால் அவை அடையாளம் கண்டு தடுக்கலாம்.