கோடி போகிற வழியில் ஒரு மனை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நட்ட கற்கள், வண்ணக் கொடிகள், ‘டி.டி.சி.பி. அப்ரூவல்’ பலகைகள். மனை பார்க்க வருகிறவர் பட்டாவைப் பார்க்கிறார், வில்லங்கம் போடுகிறார், மூலப்பத்திரம் கேட்கிறார். மேற்கே இருக்கிற ஏரி நிரம்பிக் கோடி போனால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று மட்டும் கேட்பதில்லை.

ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் ரயில்கள் நின்றன. திண்டிவனத்தில் கிடங்கல் ஏரியின் உபரி நீர் தெருக்களுக்குள் வந்தது. சங்க காலக் குறுநில மன்னன் நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டுக் காலத்திலிருந்தே ‘கிடங்கில்’ என்று பெயர் பெற்ற ஊர் இது. தண்ணீர் அதற்குப் பழகிய வழியிலேயே வந்தது. நடுவில் வீடுகள் இருந்தன.

வீடு எங்கே வரலாம் என்பதற்கு விதி உண்டு. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரையப்படும் முழுமைத் திட்டம்தான் எந்த சர்வே எண்ணில் எது வரலாம் என்று சொல்கிறது. குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை. பெரிய மனைப்பிரிவு என்றால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும். சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அங்கீகாரம் இல்லாத பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வந்த விதிகளும், ஏரி, வாய்க்கால், ஓடையில் விழும் மனைகளை ஏற்பதில்லை.

காகிதத்தில் குறையில்லை. ஆனால் ஓடைப் புறம்போக்கு என்று பதிவானதைத்தான் இந்த விதிகள் காக்கின்றன. ஏரி கோடி போகும்போது தண்ணீர் அந்த ஓடையின் அளவுக்குள் நிற்பதில்லை. கீழே உள்ள ஆயக்கட்டு நஞ்சை முழுக்கப் பரவி, இரண்டு மூன்று நாள் நின்று, அடுத்த ஏரிக்கு நகர்கிறது. அந்த நஞ்சை பட்டா நிலம். பதிவேட்டில் அது வெறும் நெல் வயல். வெள்ளக் காலத்தில் அதுதான் ஊரின் வடிகால்.

பச்சையை மஞ்சளாக்கக் கேட்டு வரும் மனுக்களோ ஒவ்வொரு சர்வே எண்ணாகத்தான் வருகின்றன. ஒன்றரை ஏக்கர், மூன்று ஏக்கர். தனித்தனியே பார்த்தால் எதிலும் ஆபத்து தெரியாது. பதினைந்து மனு சேர்ந்தால் ஓர் ஏரியின் வெள்ளம் பரவும் நஞ்சை மண் மேடாகிவிடும். ஒரு மனைப்பிரிவு மண் கொட்டி இரண்டடி உயர்ந்தால், பக்கத்துக் காலனி இரண்டடி தாழ்ந்ததாகிறது. திட்ட எல்லை நகராட்சியைச் சுற்றி முடிகிறது. ஏரிச் சங்கிலி அதைத் தாண்டி மேலேயும் கீழேயும் போகிறது.

சென்னையில் வாங்க முடியாதவர்கள் எங்கே போவார்கள், சிப்காட் வந்தால் வீடு வேண்டாமா என்கிறார்கள் மனை வணிகர்கள். வேண்டும்தான். மேட்டுப் புஞ்சையில் கட்டலாமே.

வரைவுத் திட்டம் வெளியானால் ஆட்சேபனை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தரப்படும். அந்த நாட்களில் வரைபடத்தின் முன் நிற்க வேண்டியவர்கள் மடை திறந்து பழகிய கிழவர்கள். கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்ட அவர்களால் முடியும். அதை எழுதி, கையெழுத்து வாங்கி, சர்வே எண்ணோடு கொடுத்தால் ஆட்சேபனையாகப் பதிவாகும்.