நீரும் எண்ணெயும்: ஓர் அடுக்களைச் சோதனை

நீரோடு எண்ணெய் கலப்பதில்லை என்பதை அறியாதார் இல்லை. காரணம் யாது என வினவினால், "எண்ணெய் இலேசானது, அதனால் மிதக்கிறது" என்பதே பலரும் கூறும் விடை. அது பாதி உண்மையே. மறுபாதியை அம்பாங் வட்டாரத்து வீடுகளின் அடுக்களைப் பொருள்களைக் கொண்டே கண்டறியலாம்.

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பாதியளவு தண்ணீர் எடுத்துக்கொள்க. ஒன்றில் ரோஸ் சிரப்பையும் மற்றதில் செம்பனை எண்ணெயையும் இரண்டிரண்டு கரண்டி மெல்ல ஊற்றுக. சிரப் அடியில் தங்கும். எண்ணெய் மேலே நிற்கும். இது எடையின் விளைவு. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ 1,000 கிராம். எண்ணெயோ 900 கிராமை ஒட்டியது. 1 கிலோ எண்ணெய்ப் பொட்டலம் 1 லிட்டர் புட்டியில் முழுதும் அடங்காதது இதனாலேயே.

இனி இரண்டையும் நன்கு கலக்குக. சிரப் முற்றும் கலந்துவிடும், மீண்டும் பிரியாது. எண்ணெய் துளித்துளியாகச் சிதறினும், சிறிது நேரத்தில் மறுபடி மேலே திரளும். நீரினும் கனமான சிரப் கலக்கிறது. நீரினும் இலேசான எரிசாராயமும் கலக்கிறது. எண்ணெய் மட்டும் கலவாது நிற்கிறது. ஆகவே, எது மேல், எது கீழ் என்பதையே எடை முடிவு செய்கிறது. கலப்பதும் கலவாததும் வேறு காரணத்தால் வருவன.

நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஆக்ஸிஜன் பக்கம் சிறிது எதிர்மின்னும், ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின்னும் உண்டு. ஒன்றின் நேர்முனையை மற்றொன்றின் எதிர்முனை ஈர்ப்பதால் அவை கைகோத்து நிற்கின்றன. சிரப்பிலுள்ள சர்க்கரைக்கும் அத்தகைய முனைகள் இருப்பதால் அக்கூட்டத்தில் இடம் கிடைக்கிறது. எண்ணெய் மூலக்கூறின் நீண்ட தொடர்களில் அவை இல்லை. நீர் எண்ணெயை வெறுக்கவில்லை. தன் பிணைப்பை விடாமையால் அதனை ஒதுக்குகிறது.

எண்ணெய்க் குவளையில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு இட்டுக் கலக்கினால் நீர் பால்போல் வெளுக்கும். சோப்பின் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் பற்றி, துளிகள் ஒன்றுசேராது தடுக்கிறது. தேங்காய்ப்பாலிலும் சோயாப் பாலிலும் இவ்வேலையைச் செய்வதில் புரதத்திற்குப் பெரும்பங்கு உண்டு. சோயாப் பாலைத் திரித்தால் புரதம் எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு கட்டியாகும். அம்பாங்கிற்குப் புகழ் தந்த யோங் தாவ் பூ அக்கட்டியைக் கொண்டு செய்யப்படுவதே. இத்தகைய பொருள்கள் நீர்ப்பரப்பில் நிகழ்த்தும் மாற்றங்களை ஜெர்மனியின் ஆக்னஸ் பொக்கல்ஸ் அம்மையார் வீட்டில் இருந்தபடியே ஆராய்ந்தார். அம்முடிவுகள் 1891-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன.

இச்சோதனை உயிர்காக்கும் பாடம் ஒன்றையும் உரைக்கிறது. வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் பதறித் தண்ணீர் ஊற்றுவோர் உண்டு. நீர் எண்ணெயுடன் கலவாது. அடியிற் சென்று, கணத்தில் ஆவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசியடிக்கும். எனவே அடுப்பை அணைத்து, உலோக மூடியால் வாணலியை மூடி, அது முற்றும் ஆறும் வரை திறவாதிருத்தல் வேண்டும்.